மாட்டுக் கருத்தரங்குக்குக் கையை வீசிக்கொண்டு போகலாமா? கறவை மாடு வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடு வளர்ப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள நம் காரைக்குடிப் பக்கத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செட்டிநாட்டில் அரசின் மாவட்டக் கால்நடைப் பண்ணையும் மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. மானாமதுரைக்குப் போனால் புலிக்குளம் மாட்டுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம். இவை தவிர அங்கங்கே ஒருநாள் கருத்தரங்கு, முகாம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். நான் எட்டு கறவைகளை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் பல வருஷமாகப் போய்வருகிறேன். போகிறவர்கள் பலரும் காது நிறையக் கேட்கிறார்கள். ஆனால் மறுநாள் காலையில் கொட்டகையில் எதுவும் மாறுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்கான காரணங்களைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் தவறு, கணக்கு இல்லாமல் போவது. "மாடு சினை பிடிக்க மாட்டேங்குது, என்ன செய்யலாம்?" என்று ஒருவர் எழுந்து கேட்பார். "ஈன்று எத்தனை நாளாகுது? கடைசியாக எந்தத் தேதியில் சினை ஊசி போட்டீங்க?" என்று டாக்டர் திருப்பிக் கேட்டால் பதில் வராது. தேதி தெரியாதபோது டாக்டராலும் பொதுவாகத்தான் சொல்ல முடியும். தாது உப்புக் கொடுங்கள், குடற்புழு நீக்குங்கள் என்பார். அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மாட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 85 நாளுக்குள் மறுபடி சினை நிற்க வேண்டும். சினைக்கு வரும் பருவம் 21 நாளைக்கு ஒருமுறை வருகிறது. ஒரு பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் மூன்று வாரத் தீவனம் வீண். இந்தக் கணக்கு தேதி எழுதி வைத்தவருக்கு மட்டுமே உதவும்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். மாட்டுக்கு ஒரு பக்கம். ஈன்ற தேதி, பருவம் கண்ட தேதி, அது காலையிலா மாலையிலா, ஊசி போட்ட தேதி, வாரத்தில் ஒருநாள் அளந்த பால், தடுப்பூசி. அந்த நோட்டோடு போய்ப் பாருங்கள். போன வருஷம் நான் கொண்டுபோனதைப் புரட்டிவிட்டு ஒரு டாக்டர் ஒரே வார்த்தை சொன்னார்: "காலையில கத்தின மாட்டுக்கு அப்பவே ஊசி போட்டிருக்கீங்க." காலையில் பருவம் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்ற விதி எனக்குத் தெரியும். தெரிந்தும், ஊசி போடுபவர் வரும் நேரத்துக்கு மாட்டை நிறுத்திக்கொண்டிருந்தேன். எழுதி வைத்த காகிதம்தான் அதைக் காட்டிக்கொடுத்தது.

அடுத்தது, வேறு ஊர் மாட்டுக்குச் சொன்னதை நம் மாட்டுக்குச் செய்வது. மேடையில் இருபது லிட்டர் கறக்கும் பசுவின் தீவன அட்டவணை ஓடும். எல்லாரும் செல்போனில் படம் பிடிப்பார்கள். நம் கொட்டகையில் நிற்பதோ எட்டு லிட்டர் கறக்கும் ஜெர்சிக் கலப்பு. உடம்பைக் காக்க இரண்டு கிலோ அடர்தீவனம் (தவிடு, புண்ணாக்கு, தானியம் கலந்தது), அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று பொதுவாகச் சொல்லும் கணக்குப்படியே எட்டு லிட்டருக்கு ஐந்து கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும். நல்ல பசுந்தீவனம் இருந்தால் அதிலும் குறைக்கலாம். அட்டவணையைப் பார்த்து எட்டு கிலோ கொட்டியவர்களை எனக்குத் தெரியும். பால் ஏறவில்லை, சாணம்தான் இளகியது.

பசுந்தீவனத்திலும் இதே கதைதான். கோ-4, கோ-5 புல் நல்ல புல்தான், ஆனால் தண்ணீர் கேட்கும். கண்மாய் பெருகினால்தான் கிணறு ஊறும் என்றிருக்கிற நம் செம்மண் பூமியில் அதை ஏக்கர் கணக்கில் நட்டுவிட்டுச் சித்திரையில் காயவிடுவதைவிட, கொழுக்கட்டைப் புல், வேலிமசால், முயல்மசால் என்று வானம் பார்த்து வளர்பவற்றைக் கேட்டு வர வேண்டும். மானாவாரிக்கு எது சரிப்படும் என்ற கேள்வியை நாம் எழுந்து கேட்டால்தான் உண்டு. சோளத்தட்டை போடுபவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். மழை தவறி வாடிய இளம் சோளத்திலும், வெட்டிய பிறகு துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். பூக்கும்வரை பொறுக்க வேண்டும். தண்ணீர் வசதியுள்ள ஊர்களில் இது பெரிய ஆபத்தில்லை என்பதால் வகுப்பில் ஒரு வரியோடு போய்விடும். நமக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

இனி, நம் பக்கத்துக்கே உரிய ஒரு தவறு. கல்யாணம், படைப்பு (குலதெய்வத்துக்கும் முன்னோருக்கும் படைப்பது), கும்பாபிஷேகம் என்று பெரிய பெரிய சமையல் நடக்கிற ஊர் இது. மிஞ்சிய சாதத்தையும் பாயசத்தையும் கொட்ட மனசு வராமல், "வாயில்லாச் சீவன் தின்னட்டுமே" என்று அண்டாவோடு மாட்டுக்கு அனுப்புகிறார்கள். அனுப்புகிற ஆச்சிமார் புண்ணியம் என்று நினைத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் வெந்த சோறு மொத்தமாக உள்ளே போனால் முதல் இரைப்பையில் அமிலம் ஏறிவிடும். அசை நிற்கும், வயிறு உப்பும், மாடு தள்ளாடிப் படுத்துவிடும். மாட்டுப்பொங்கலன்று பொங்கலை வாளி வாளியாக ஊட்டுவதும் இதே வகைதான். ஒரு கை அளவு ஊட்டினால் போதும். நாங்கள் ஒரு கிடேரியை இப்படி இழந்திருக்கிறோம். இரவு தின்றது. விடிந்து டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் ஒரு வகுப்பில் அமில நோய் பற்றி முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தேன். 'அசிடோசிஸ்' என்று எழுதி வைத்திருந்தேனே தவிர, அது கல்யாண வீட்டுச் சாதத்தைப் பற்றிய பேச்சு என்று எனக்கு உறைக்கவில்லை. அதனால் இப்போதெல்லாம் புதுப் பெயர் ஒன்று காதில் விழுந்தால், "இது எங்க ஊர்ல எதனால வரும்?" என்று கேட்காமல் உட்காருவதில்லை.

மடிநோய் வகுப்புக்கு யார் போகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஆண்கள். வீட்டில் கறப்பதோ அக்காவும் அம்மாவும். மடிநோயைத் தடுப்பது கறக்கிற கைதான். கட்டைவிரலை மடக்கிக் காம்பை நெரிக்காமல் முழுக் கையால் கறப்பது, முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுத் திரிதிரியாகக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது, நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியில் கறப்பது, கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குவது, எல்லாமே கறப்பவர் கண்ணால் பார்த்துக் கையால் செய்து பழக வேண்டியவை. கறந்தபின் காம்புத்துளை மூட அரைமணி நேரம் பிடிக்கும். அதுவரை மாடு படுக்காமலிருக்கக் கொஞ்சம் தீவனம் வைக்க வேண்டும் என்பதைக் கணவர் கேட்டுவந்து சொன்னால் பாதிதான் வந்து சேரும். கறப்பவரை அனுப்புங்கள். இரண்டு பேரும் போக முடியவில்லையா, அவரே போகட்டும்.

கண்ணுக்குத் தெரியாத மடிநோய்தான் அதிகம் கெடுக்கிறது. பால் பார்க்க நன்றாகவே இருக்கும், அளவு மட்டும் மெல்லக் குறையும். பால் சொசைட்டியில் டிகிரியும் (பாலின் அடர்த்தி அளவு) குறையலாம். நாலு குழி உள்ள தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் விட்டு, அதே அளவு சோதனைத் திரவம் ஊற்றிச் சுழற்றினால், நோயுள்ள காம்பின் பால் கூழ்போலத் திரளும். செய்துகாட்டச் சொல்லி, நீங்களே ஒருமுறை செய்துபாருங்கள். மடி வீங்கிவிட்டால் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் மூலிகை முறையையும் பல வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். நானும் செய்கிறேன். ஆனால் காய்ச்சல் இருந்தால், பாலில் ரத்தம் வந்தால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

திரையில் வந்த மருந்துப் பெயரைப் படம் பிடித்துக் கடையில் வாங்கி நாமே ஊசி போடுவது மிக மோசமான பழக்கம். எந்த மாட்டுக்கு, எத்தனை நாள் என்பதை மாட்டைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். ஆன்டிபயாடிக் போட்ட மாட்டுப் பாலை டாக்டர் சொன்ன நாள்வரை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. அந்தப் பாலைப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். அப்புறம், கருச்சிதைவு நோய் (புருசெல்லோசிஸ்) பற்றிய பேச்சில் எழுந்து டீ குடிக்கப் போய்விடாதீர்கள். அது மனிதருக்கும் தொற்றும். விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒரு தடுப்பூசி. அந்த வயது தாண்டினால் வாய்ப்பு போனதுதான்.

கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. போட்டால் இரண்டொரு நாள் பால் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். அதற்குப் பயந்து மாட்டை ஒளித்து வைப்பவர்களிடம் எனக்குச் சண்டையே உண்டு.

வகுப்பில் ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே சாணத்தை மிதித்த அதே செருப்போடு நேராக நம் கொட்டகைக்குள் நுழைகிறோம். கோமாரிக் கிருமி செருப்பிலும் வேட்டியிலும் வண்டிச் சக்கரத்திலும் ஏறி வரும். வீட்டுக்கு வந்ததும் குளித்து, துணி மாற்றி, செருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாட்டுக்கிட்டப் போங்கள். முடிந்தால் கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த மறுநாளே எல்லாவற்றையும் மாற்றக் கிளம்பிவிட வேண்டாம். தீவனம் மாற்றுவதென்றால் பத்துப் பதினைந்து நாள் எடுத்துப் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு வகுப்புக்கு ஒரு மாற்றம் என்று நான் வைத்திருக்கிறேன். இந்த முறை கன்றின் முறை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பதில்லை. தொப்புள்கொடிக்கு அயோடின், பத்தாம் நாளில் முதல் பூச்சி மருந்து. கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் மாடு வெள்ளச்சி ஈன இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.