சோனார் தரவு: டெஸ்ட்டில் மட்டும் மார்க் கவிழ்ந்தது ஏன்?

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் தெருப் பிள்ளைகளின் கோடிங் போட்டிக்கு நான்தான் வழிகாட்டி. சோனாரில், அதாவது நீருக்கடியில் ஒலியை அனுப்பினால் திரும்பி வரும் எதிரொலியைப் பார்த்து, எதிரே இருப்பது கண்ணிவெடி போன்ற உலோக உருளையா, பாறையா என்று நிரல் சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் கோர்மனும் செய்னோவ்ஸ்கியும் 1988-இல் பயன்படுத்திய தரவு அது: 208 பதிவுகள், ஒவ்வொன்றிலும் 60 எண்கள்.

"அக்கா, பயிற்சியில நல்லா வருது, டெஸ்ட்ல கவுந்துடுது" என்றான் ஒருவன். மாடலையே, அதாவது பதிவுகளிலிருந்து கற்று விடை சொல்லும் நிரலையே, மாற்றத் துடித்தார்கள். நான் முதலில் கோப்பைத் திறக்கச் சொன்னேன்.

முதல் 97 வரிகளும் பாறை, அடுத்த 111 வரிகளும் உருளை! பயிற்சியில் காட்டாமல் சோதிக்க, கடைசி 20 சதவீதத்தை டெஸ்ட்டுக்கு வெட்டியதால் அதில் ஒரு பாறைகூட இல்லை. பயிற்சியிலோ 97 பாறைக்கு 69 உருளைதான்; மாடல் பாறைப் பக்கமே சாய்ந்தது.

சரி, வரிகளைக் கலைத்து, இரு வகையும் அதே விகிதத்தில் வரும்படி ஸ்ட்ராட்டிஃபை கொடுத்துப் பிரித்தோம். பதிவுகள் குறைவு என்பதால் கிராஸ் வேலிடேஷனும் (தரவைப் பல பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் ஒருமுறை டெஸ்ட்டாக வைத்துப் பார்ப்பது) சேர்த்தோம். மதிப்பெண் நிலைத்தது.

ஆனால் மொத்த மதிப்பெண் மட்டும் எனக்குப் போதாது. பாறையை வெடி என்றால் நேரம் போகும். வெடியைப் பாறை என்றால் உயிர் போகும். அதனால் தவறவிட்ட வெடிகளைத் தனியாக எண்ணி, வெடியாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு இருந்தால் 'வெடி' என்று சொல்வது என்ற வரம்பை 0.5-க்குக் கீழே இறக்கினோம்.