இறக்கைக்கு அடியில் நீலக் கறை: சிறு விமானத்தின் எரிபொருள் தொட்டி கசிந்தால் என்ன செய்வது?

பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றி வருகிறீர்கள். இறக்கையின் அடிப்பக்கத்தில், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி ஒன்றைச் சுற்றி வெளிர்நீல வளையம் தெரிகிறது. நேற்று அது இருந்ததா என்று நினைவில்லை. சிறு விமானங்களுக்கு ஊற்றும் 100 எல்எல் என்ற வகைப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். பெட்ரோல் காற்றில் பறந்துவிடும், சாயம் அங்கேயே தங்கிவிடும். அதனால் கசிவு நின்ற பிறகும் அதன் தடம் அழியாமல் இருக்கும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். தொட்டிக் கசிவுக்கு அப்படியே பொருந்தும். நானே ஒருமுறை கறை தெரிந்த ரிவெட்டின்மேல் வெளியிலிருந்து சீலன்ட்டை (கசிவை அடைக்கும் பசையை) அழகாகப் பூசி, வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் நான்கு ரிவெட் தள்ளி நீலம் தலைகாட்டியது. உண்மையான ஓட்டை அங்கிருந்து ஒரு கை நீளம் தள்ளி, தொட்டிக்குள் ஒரு மூலையில் இருந்தது. பூசுவது சிறிய வேலை. தேடிக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. ஆகவே இந்த விளக்கத்தில் தேடலுக்கே அதிக இடம் தருகிறேன்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். கறையைக் கவனிப்பது, அளப்பது, குறித்துவைப்பது எல்லாம் விமானம் வைத்திருக்கும் யாரும் செய்யலாம். தொட்டியைத் திறப்பது, அடைப்பது, மறுபடி பறக்கலாம் என்று கையெழுத்திடுவது உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் வேலை. ஆனாலும் பின்வரும் படிகள் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்கு அருகில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கவாவது உதவும்.

தீயைப் பற்றி முதலில்

விமானப் பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, பள்ளத்தில் தேங்கி, சற்றுத் தொலைவில் இருக்கும் ஹீட்டரையோ சுவிட்சையோ தேடிப் போகும். ஆகவே தொட்டி வேலைக்கு மூடிய ஹேங்கர் (விமானக் கொட்டகை) ஆகாது, திறந்தவெளிதான் இடம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கைப்பேசியை வேறெங்காவது வைத்துவிட்டு வாருங்கள். நைலான் போன்ற செயற்கை இழை உடை நிலைமின்சாரத்தைச் சேர்க்கும், பருத்தி உடுத்துங்கள். இந்தப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் இருக்கிறது, அது தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

விமானி அறைக்குள் பெட்ரோல் வாடை வந்தால் கசிவு சிறிதா பெரிதா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். மெயின் சுவிட்சைத் தொடாமல் கதவுகளைத் திறந்துவைத்துவிட்டு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

படி 1: அது கசிவுதானா?

குளிர்ந்த காலையில் விளிம்புவரை நிரப்பி வெயிலில் நிறுத்திய விமானம், மதியம் இறக்கைக்கு அடியில் சொட்டினால் பதறாதீர்கள். பெட்ரோல் சூட்டில் விரிவடையும். 100 லிட்டர் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 லிட்டர் கூடும். அந்தக் கூடுதல், தொட்டிக்குள் காற்று போய்வர வைத்திருக்கும் காற்றுக்குழாய் வழியாக வெளியே வரும். சரிவான தரையில் நிறுத்தினால், இரு தொட்டிகளும் இணைந்திருக்கும் விமானங்களில் மேட்டுத் தொட்டியிலிருந்து பள்ளத்துத் தொட்டிக்கு எரிபொருள் ஓடி, அங்கிருந்தும் சொட்டும்.

இறக்கையின் மேற்பக்கத்தில், பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடிக்குப் பின்னால் நீலக் கோடு பின்னோக்கி நீண்டிருந்தால் மூடியைச் சந்தேகியுங்கள். பறக்கும்போது இறக்கையின்மேல் காற்றழுத்தம் குறைவு, தளர்ந்த மூடி வழியாக அது பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும். பெட்ரோல் வெளியேறும் வழியில் மழைநீர் உள்ளே போகும் என்பதையும் மறக்காதீர்கள். உண்மையில் எனக்குப் பயம் அதில்தான். மூடியின் ஓ-ரிங்கை (கசிவு தடுக்கும் ரப்பர் வளையத்தை) மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

படி 2: துடையுங்கள், அரை மணி நேரம் காத்திருங்கள், அளந்து பாருங்கள்

ஈரத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். 30 நிமிடம் கழித்து எவ்வளவு பரப்பு நனைந்திருக்கிறது என்று பாருங்கள். முகப்பவுடரைப் போன்ற மெல்லிய டால்க் தூளைத் தூவிவைத்தால் நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். விமானப் பராமரிப்பில் நான்கு நிலைகள் பேசப்படுகின்றன. ஈரத்தின் விட்டம் 19 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வெறும் கறை. அதற்கு மேல் 38 வரை கசிவு. 38 முதல் ஏறக்குறைய 100 வரை கடும் கசிவு. சொட்டினாலோ ஓடினாலோ ஒழுக்கு. உங்கள் விமானத்தின் பராமரிப்புக் கையேட்டில் வேறு எண் இருந்தால் கையேடு சொல்வதே சரி.

அளவைவிட இடம் முக்கியம். காற்றோட்டமுள்ள வெளிப்பரப்பில் சிறு கறை என்றால், கையேடு அனுமதித்தால், கண்காணித்துக்கொண்டே பறக்கலாம். அதே கறை மூடிய அறைக்குள், மின்கம்பி ஓடும் இடத்தில் இருந்தால் விமானம் நகரக் கூடாது. ஒழுக்கு எங்கிருந்தாலும் நகரக் கூடாது.

ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரையாதீர்கள். பென்சில் கரி அலுமினியத்தை அரிக்கும். மென்மையான முனையுள்ள மார்க்கர் பேனாவால் வரைந்து, தேதியும் தொட்டியில் இருந்த எரிபொருள் அளவும் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் தொட்டியில் மட்டும் கசிந்து, பாதியில் நின்றுவிட்டால், ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதற்கு உங்களுக்கு ஒரு துப்பு கிடைத்துவிட்டது. பல வாரம் பொறுமையாகக் குறித்துவைப்பவருக்கு இது பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

படி 3: உங்கள் தொட்டி எந்த வகை?

மூன்று வகை உண்டு. மூனி விமானங்களில் இறக்கையின் தகடுகளே தொட்டி. உள்ளே எல்லா இணைப்புகளும் சீலன்ட்டால் அடைக்கப்பட்டிருக்கும். பழைய செஸ்னா 182 போன்றவற்றில் இறக்கைக்குள் ரப்பர் பை இருக்கும். பைப்பர் செரோக்கியில் அலுமினியத் தொட்டி தனியாக இருக்கிறது, திருகுகளைக் கழற்றி முழுதாக வெளியே எடுத்துவிடலாம். தேடும் முறையும் அடைக்கும் முறையும் வகைக்கு வகை மாறும். ஒரே பெயருள்ள விமானத்தில்கூட ஆண்டுக்கு ஆண்டு தொட்டி வகை மாறியிருக்கலாம், கையேட்டைப் பாருங்கள்.

படி 4: எளிய சந்தேகங்களைத் தீருங்கள்

தொட்டியைத் திறப்பதற்கு முன், அடியில் இருக்கும் வடிகால் வால்வைப் பாருங்கள். அதில் ஒரு துளி மணலோ தூசியோ சிக்கினாலும் சொட்டும். இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டால் கழுவிப் போய்விடும். போகாவிட்டால் ஓ-ரிங்தான். அடுத்து எரிபொருள் அளவுமானியின் கேஸ்கட் (கசிவு தடுக்கும் அடைப்பட்டை), உள்ளே பார்ப்பதற்காகக் கழற்றும் பார்வைத் தகடுகளின் திருகுகள், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் குழாய்களும் கிளிப்புகளும். ஒழுகும் தொட்டி என்று சொல்லப்படுவதில் கணிசமானவை இந்தப் பட்டியலிலேயே முடிந்துவிடும்.

படி 5: காலி செய்தல்

விமானத்தையும் வாங்கும் கலனையும் கம்பியால் இணைத்து, இரண்டையும் தரையோடு இணைத்த பிறகே வடியுங்கள். பிளாஸ்டிக் வாளி கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். காலியான தொட்டி பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் உண்டு, நிலைமை தலைகீழ். நிரம்பிய தொட்டியில் காற்றுக்கு இடமில்லை, காலியானதில் ஆவியும் காற்றும் வெடிக்கத் தயாரான விகிதத்தில் கலந்திருக்கும். எல்லாத் திறப்புகளையும் திறந்து, பாதுகாப்பான காற்று ஊதியால் பல மணி நேரம் ஊதி, வாயு அளவுமானியால் சோதித்த பிறகே தலையையோ விளக்கையோ உள்ளே விடுங்கள். அந்த விளக்கும் பொறி கிளப்பாத வகையாக இருக்க வேண்டும்.

படி 6: ஓட்டையைத் தேடுதல்

வெளியே ஈரம் தெரியும் புள்ளி வெளியேறும் வாய். உள்ளே நுழையும் வாய் வேறெங்கோ இருக்கும். பெட்ரோல் ஸ்பாரின் (இறக்கையின் நீளவாட்டு முதுகெலும்புச் சட்டத்தின்) மடிப்பில் புகுந்து, இரு தகடுகளுக்கு நடுவில் ஊர்ந்து, வசதியான ரிவெட் கிடைத்த இடத்தில் வெளிவரும். கூரை ஒழுகும் வீட்டில் சுவரில் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பதில்லை அல்லவா, அதே கதை.

தேடுவதற்கு நல்ல வழி எதிர்த்திசை முறை. தொட்டியின் உட்புறம் சந்தேகப்படும் மூலைகளிலெல்லாம் சோப்புக் கரைசலைத் தூரிகையால் தடவுங்கள். ஒருவர் வெளியே கறை இருந்த இடத்தில் மெல்லிய காற்றைச் செலுத்தட்டும். மற்றவர் உள்ளே பார்க்கட்டும். எங்கே குமிழ் எழுகிறதோ அங்கேதான் நுழைவாய். இரண்டு மூன்று இடத்தில் எழுந்தால் எல்லாவற்றையும் குறியுங்கள், ஒன்றைக் கண்டதும் நிறுத்தாதீர்கள்.

இன்னொரு முறை, தொட்டியை மூடிச் சற்றே அழுத்தம் ஏற்றி வெளியே சோப்புத் தடவுவது. இதில் ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான கையேடுகள் சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டு அளவில் பேசுகின்றன, ரப்பர் பைக்கு அதிலும் பாதி. அரை பவுண்டு என்பது 35 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் ஒரு சதுர மீட்டர் தகட்டின்மேல் அது 350 கிலோ எடைக்குச் சமம். கம்ப்ரஸரை நேராகச் செருகினால் இறக்கை பலூனாகப் புடைத்துவிடும். கசிவைத் தேடப் போய் இறக்கையை மாற்ற வேண்டிவரும். தண்ணீர் மட்டத்தைக் கொண்டு அழுத்தம் காட்டும் குழாய் அழுத்தமானியோடு, கையால் பிதுக்கிக் காற்றூதும் ரப்பர் பந்து போதும்.

படி 7: அடைத்தல்

பாலிசல்பைடு சீலன்ட்தான் வேண்டும். வீட்டு சிலிக்கோன் பெட்ரோலில் ஊறி உப்பி, துண்டாகக் கழன்று, வடிகட்டியை அடைக்கும். பொட்டலத்தில் ஏ-2, பி-2 என்று குறியிருக்கும். எழுத்து தடிமனைச் சொல்கிறது: ‘ஏ’ தூரிகையால் தீட்டுவது, ‘பி’ பிதுக்கிப் பூசுவது. எண், 25 டிகிரியில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த நேரம் ஏறக்குறையப் பாதியாகும். வெயில் நாளில் நிறையக் கலந்துவைத்துக்கொண்டு திண்டாடாதீர்கள்.

பழைய சீலன்ட்டை மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ சுரண்டுங்கள். எஃகு கத்தி தகட்டில் கீறும், கீறலிலிருந்து விரிசல் தொடங்கும். பிறகு கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்வதற்குள் வேறு உலர் துணியால் துடைத்தெடுங்கள். தானாக உலரவிட்டால் கரைந்த எண்ணெய் மறுபடி அங்கேயே படியும். பழைய பூச்சின்மேல் புதியது சரியாக ஒட்டாது. இந்தச் சுத்தத்தில் சோம்பினால் மொத்த உழைப்பும் வீண்.

அடிப்பசையையும் கடினமாக்கியையும் எடை பார்த்தே கலக்க வேண்டும், கண்ணளவு கூடாது. நிறக்கோடுகள் மறையும்வரை கலக்குங்கள். உட்புறத்தில்தான் பூச வேண்டும். அப்போது எரிபொருளின் அழுத்தம் சீலன்ட்டைத் தகட்டோடு சேர்த்து அமுக்கும். வெளியே பூசினால் அதே அழுத்தம் அதைத் தள்ளிப் பிய்க்கும், நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ரிப்களின் (இறக்கைக்குள் இருக்கும் குறுக்குச் சட்டங்களின்) அடியில் எரிபொருளும் நீரும் ஓடுவதற்கான சிறு துளைகள் உண்டு. அவற்றை அடைத்துவிடாதீர்கள். பிறகு பொட்டலம் சொல்லும் நேரம் முழுதும் காயவிட வேண்டும். பி-2 வகை அறை வெப்பத்தில் சில நாள் எடுக்கும்.

ரப்பர் பை, தனித்தொட்டி என்றால்

ரப்பர் பையில் குமிழ் தெரியாவிட்டால் வேதியியல் உதவும். உள்ளே அம்மோனியா நனைத்த துணி, வெளியே பினாப்தலீன் கரைசல் நனைத்த வெள்ளைத்துணி. அம்மோனியா வெளியேறும் இடத்தில் துணி சிவக்கும். ஒட்டுப்போடுவது சிறப்புப் பட்டறையின் வேலை. நீண்ட நாள் காலியாக வைத்தால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். அதனால் காலியாக வைப்பதற்கு முன் உட்புறம் லேசாக எண்ணெய் தடவுவார்கள். தனி அலுமினியத் தொட்டியை வெளியே எடுத்துச் சோதிக்கலாம், ஆனால் பெட்ரோல் இருந்த தொட்டியில் வெல்டிங் செய்யக் கிளம்பிவிடாதீர்கள்.

படி 8: மறுபடி நிரப்புதல்

ஒரேயடியாக நிரப்ப வேண்டாம். கால் பங்கு ஊற்றி, துடைத்து, டால்க் தூவி, அரை மணி நேரம் பாருங்கள். பிறகு பாதி, பிறகு முழுது. முழுத் தொட்டியோடு ஓர் இரவு நிற்கட்டும். மறுநாள் வடிகால் வால்விலிருந்து கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு அல்லது சாம்பல் துணுக்குகள் மிதந்தால் சுரண்டிய சீலன்ட் உள்ளே தங்கிவிட்டது என்று பொருள், தொட்டியை மறுபடி திறக்க வேண்டும். குவளை தெளிவாக இருந்தால் எஞ்சினுக்குப் போகும் வடிகட்டியையும் கழற்றிப் பார்த்துவிட்டு, பொறியாளர் பதிவேட்டில் கையெழுத்திட்டதும் ஓடுபாதைக்கு மேலேயே இரண்டு சுற்று சுற்றி வந்து இறங்குங்கள். இறங்கியதும் வடிகட்டியை இன்னொரு முறை திறந்து பாருங்கள். ஒட்டிக்கொண்டிருந்த துணுக்குகள் பறக்கும் அதிர்வில்தான் கழன்று வரும்.