பழைய சீன அஞ்சல் அட்டை: தபால் முத்திரையை நம்பி ஏமாறாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி, தான் புதிதாக வாங்கிய அட்டையைக் காட்டினார். தலை மழிக்கும் தொழிலாளி, எதிரே குனிந்து உட்கார்ந்த ஆள், முதுகில் நீண்ட சடை. "1914 முத்திரை, அண்ணா. குடியரசு வந்த பிறகும் சடை இருந்திருக்கிறது, பாருங்கள்" என்றார். சீனாவின் கடைசி மன்னர் பரம்பரை ஆண்ட காலத்தில் ஆண்களுக்குச் சடை கட்டாயம், அதனால்தான் அவருக்கு வியப்பு. எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடம் முன்பு நானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அட்டையை நனைக்காதீர்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முத்திரைத் தேதியைப் படத்தின் தேதியாக எடுப்பது

முத்திரை சொல்வது அட்டை தபாலில் போன நாளை. படம் எடுத்த நாள் அதில் இல்லை. ஷாங்காய், ஹாங்காங் பதிப்பாளர்கள் ஒரே படத்தை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்து விற்றார்கள்.

ஒரு வியாபாரி 'குடியரசுக் கால பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) தெருக்கள்' என்று பன்னிரண்டு அட்டைகளை நீட்டினார். முத்திரை எல்லாம் 1913, 1914. சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கினேன். 1912-இல் மன்னராட்சி முடிந்த பிறகும் சடை போகவில்லை என்று அதை வைத்தே ஒரு கட்டுரையும் எழுதினேன். இரண்டு வருடம் கழித்து, அவற்றில் ஒன்றில் இருந்த அதே தலை மழிக்கும் தொழிலாளி, அதே முக்காலி, வேறொரு அட்டையில்! கீழே கான்டன் (இன்றைய குவாங்சோ) என்று வேறு ஊர்ப்பெயர். பின்பக்கத்தில் சேதியையும் முகவரியையும் பிரிக்கும் நடுக்கோடு இல்லை. முழுப் பக்கமும் முகவரிக்கே, சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுத வேண்டும். பிரிட்டன் 1902-இலும் ஜெர்மனி 1905-இலும் அமெரிக்கா 1907-இலும்தான் பின்பக்கத்தில் சேதி எழுத விட்டன. ஆக, இந்த அட்டை அந்த மாற்றத்துக்கு முந்தைய வகை, படம் மன்னர் காலத்தது. ஊரும் சந்தேகம். காசு போனதைவிட, தப்பாக எழுதிவிட்டேனே என்ற எரிச்சல்தான் இன்னும் தீரவில்லை.

முதலில் பின்பக்கம் பாருங்கள். அப்புறம் பதிப்பாளர் பெயர், வரிசை எண். முத்திரை கடைசியில்.

ஸ்டுடியோவைத் தெரு என்று நினைப்பது

இந்தத் தலை மழிக்கும் தொழிலாளிகள், தோளில் சுமக்கும் காவுதடியின் ஒரு முனையில் முக்காலியும் மறுமுனையில் வெந்நீர் அடுப்புமாகத் தெருத்தெருவாக அலைந்தார்கள். ஒருதலைக் காதலைச் சீனத்தில் 'அந்தக் காவுதடியின் ஒரு பக்கம்தான் சூடு' என்பார்கள். அட்டையில் தரையைப் பாருங்கள். கம்பளம் விரித்திருந்தால், பின்னால் தீட்டிய திரை தொங்கினால், அது ஸ்டுடியோ. சாமான்களை நம்பலாம், சூழலை நம்பக்கூடாது.

நிறத்தை நம்புவது

வேண்டாம். பல அட்டைகளுக்கு நிறம் ஏற்றியது ஜெர்மனி அச்சகங்களில்.

கழுத்தில் பலகை மாட்டிய கைதி, அபின் படுக்கை

வெளிநாட்டவர் வாங்குவார்கள் என்று எடுத்தவை. 'அன்றாட வாழ்க்கை' ஆல்பத்தில் வைக்காதீர்கள்.

கிறுக்கல் என்று எழுத்தை ஒதுக்குவது

எழுதாத அட்டைதான் சுத்தம் என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர். ஷாங்காயின் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் சக்கரத்துக்கு இரு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து போவார்கள். அந்தப் படமுள்ள ஓர் அட்டை என்னிடம் இருக்கிறது. அனுப்பியவர் அதில் ஏறிப் போயிருக்கிறார். கொடுத்த கூலியையும் இடுப்பு வலித்ததையும் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்.