பச்சைக் காகிதத்தை நம்பிக் கார் வாங்காதீர்கள்: கனடாவின் ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜனவரியில் வந்து இறங்கினோம். ஸ்காபரோவில் மைனஸ் பதினெட்டில், பஸ் தரிப்பில், ஒரு கையில் சின்னவளும் மறு கையில் மரக்கறிப் பையுமாக இருபது நிமிடம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கார் இங்கே ஆடம்பரம் இல்லை. அடுத்த குளிருக்கு முன் எப்படியும் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வாங்கினேன்தான், ஆனால் அந்த அவசரத்தில் 6,800 டொலர் வீணாகப் போனது. அந்தக் கதைக்காகத்தான் இதை எழுதுகிறேன், மற்றதை ஓட்டமாகச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

முதலில் லைசென்ஸ். இலங்கை, இந்திய லைசென்ஸைக் கொடுத்து நேரே மாற்றி எடுக்க முடியாது. முதற்படியான ஜி1 எழுத்துப் பரீட்சை, அப்புறம் ரோட் டெஸ்ட். ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டியவர்கள் அதை உறுதிப்படுத்தும் கடிதத்தை அங்கேயே, லைசென்ஸ் கொடுத்த திணைக்களத்தில் எடுத்துக்கொண்டு வாருங்கள், ரோட் டெஸ்டுக்குக் காத்திருக்கும் காலம் மிச்சம். நான் எடுக்கவில்லை, அதற்கு இன்றைக்கும் வீட்டில் பேச்சு விழுகிறது.

எந்தக் கார் என்று கேட்டால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கொரோலா என்பார்கள், மிச்சப் பாதி சிவிக் என்பார்கள், இரண்டு பகுதியும் கோயில் தேர் இழுப்பதுபோல ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இரண்டும் நல்லதுதான். பத்துப் பதினைந்தாயிரம் டொலருக்குள், குடும்பத்துக்கு, பழுது குறைவாக என்றால் அந்த இரண்டையும் மஸ்டா 3-ஐயும் பாருங்கள், கொஞ்சம் பழைய வருடத்துக்கு இறங்கச் சம்மதம் என்றால் கம்ரியும் கிடைக்கும். கைக்குழந்தை உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2014 முதல் 2019 வரையான கொரோலாவில் பின் இருக்கைக் கால் இடம் 41.4 அங்குலம், 2020-இல் வந்த புது வடிவத்தில் அது 34.8 அங்குலம். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையைப் பூட்டினால் இந்த வித்தியாசம் முன்னால் இருப்பவரின் முழங்காலில் தெரியும். சிவிக்கில் 2016 முதல் 2018 வரையான 1.5 டர்போ எஞ்சினில், கடும் குளிரில் குறுந்தூரமே ஓடினால் எண்ணெய்க்குள் பெற்றோல் கலக்கும் தொல்லை இருந்தது, அதற்காக ஹொண்டா உத்தரவாதக் காலத்தையே நீட்டிக் கொடுத்தது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுக் கடைக்குப் போய் வருவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் டர்போ இல்லாத 2.0 எஞ்சினைத் தேடுங்கள்.

ஊரில் கார் பார்ப்பது என்றால் பொனற்றைத் திறந்து எஞ்சின் சத்தம் கேட்பதுதானே. இங்கே குனிந்து அடியைப் பாருங்கள். வீதிக்குப் போடும் உப்பு காரைக் கீழிருந்து தின்னும். மேலே மினுக்கி வைத்திருப்பார்கள், போன் லைட்டை அடித்தால் கதவுக்குக் கீழ் விளிம்பும் சில்லுக்கு மேல் வளைவும் பிறேக் குழாயும் கறள் பிடித்துச் செதில் செதிலாக நிற்கும். சேஃப்டி சேர்டிஃபிகேட் இருக்கிறது என்பார்கள். அது பிறேக், ரயர், லைட், அடிச்சட்டம் போன்றவை அந்த நாளில் குறைந்தபட்ச அளவில் சரி என்று சொல்லும் காகிதம், 36 நாளைக்குச் செல்லும், அவ்வளவுதான். எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் அது பொறுப்பில்லை. விற்பவருக்குத் தெரிந்த கராஜ் வேண்டாம், நீங்கள் பிடித்த மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். கொண்டுபோக விடமாட்டேன் என்றால் வந்த வழியே திரும்புங்கள்.

காப்புறுதி விலையைக் காரின் அடையாள எண்ணான வின் நம்பரைக் கொடுத்து வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள், வாங்கிய பிறகு அல்ல. ஸ்காபரோ, பிரம்டன் தபால் குறியீடுகளுக்குக் கேட்கும் தொகையில் உங்களுக்குத் தலை சுற்றும், புது லைசென்ஸ்காரருக்கு இன்னும் மோசம். மாதக் கணக்கில் கார்க் காசைவிடக் காப்புறுதிக் காசு கூட வரலாம். குளிர்கால ரயரையும் கணக்கில் சேருங்கள். இங்கே கட்டாயமில்லை, ஆனால் போட்டால் காப்புறுதியில் கழிவு உண்டு, கழிவு இல்லாவிட்டாலும் போடத்தான் வேண்டும், ஏழு பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகிவிடும்.

சரி, என் கதை.

நவம்பர் கடைசி. வேலைத்தலத்தில் ஒருவர் சொல்லி ஒரு அண்ணையின் நம்பர் கிடைத்தது. 2015 கொரோலா, ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீற்றர், 11,500 டொலர். வீட்டுக்குப் போனோம், தேநீரும் உளுந்து வடையும் வந்தது, அவருடைய மாமியின் ஊரும் என் மனைவியின் ஊரும் அடுத்தடுத்த ஊர் என்று கண்டுபிடித்தோம். அதோடு பாதி வியாபாரம் முடிந்துவிட்டது. காரை ஓட்டிப் பார்த்தேன், கறள் இல்லை, மெக்கானிக்கும் நல்லது என்றார். பச்சை நிற உரிமைப் பத்திரத்தைக் காட்டினார், அவருடைய பெயர், அவருடைய விலாசம், லைசென்ஸோடு ஒத்துப் பார்த்தேன்.

இங்கேதான் ஊர்ப் பழக்கம் என்னைக் கவிழ்த்தது. இலங்கையில் கார் லீசிங்கில் இருந்தால் பதிவுப் புத்தகத்திலேயே லீசிங் கொம்பனியின் பெயர் இருக்கும், புத்தகமும் அவர்களிடம்தான் இருக்கும். இந்தியாவிலும் ஆர்சி-யில் வங்கியின் பெயர் ஏறியிருக்கும் என்று கூட வேலை செய்யும் மதுரைக்காரர் சொன்னார். ஆகவே புத்தகம் கையில், பெயர் அவருடையது என்றால் கடன் இல்லை என்றுதான் எங்கள் மூளை கணக்குப் போடும். ஒன்ராறியோவில் அந்தப் பச்சைக் காகிதம் கடனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. கடன் வேறொரு பதிவேட்டில், வின் நம்பரின் மேல் ஏறியிருக்கும். அதை இங்கே லீன் என்பார்கள். கார் கைமாறினால் லீனும் காரோடு வரும், வாங்கினவன் அப்பாவி என்று விலகி நிற்காது.

அதைப் பார்க்கத்தான் யூவிஐபி என்று ஒரு ஆவணப் பொதி இருக்கிறது. அரசாங்கத்தின் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் 20 டொலர். ஒன்ராறியோவில் அந்தக் கார் யார் யார் பெயரில் இருந்தது, லீன் உண்டா, மொத்த வியாபார (ஹோல்சேல்) மதிப்பு என்ன எல்லாம் அதில் வரும். தனியாள் விற்றால் அதை விற்பவர்தான் கொடுக்க வேண்டும். அண்ணையும் கொடுத்தார். லீன் பக்கத்தில் ஒன்றும் இல்லை. நானும் தலையாட்டினேன். அதன் மேல் மூலையில் இருந்த தேதியை மட்டும் பார்க்கவில்லை. ஓகஸ்ட் மாதம் எடுத்த பொதி அது. செப்டெம்பரில் அவர் அந்தக் காரை வைத்துக் கடன் எடுத்திருக்கிறார்.

இன்னொன்று எடுத்துப் பார்ப்போமா என்று மனைவி அன்றைக்கே கேட்டாள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அண்ணை சிரித்தார். "ஏன் தங்கச்சி உதுக்குப் போய் இருபது டொலரைக் கரியாக்கிறீர்? நாங்கள் ஊராக்கள், பிழையான சாமான் தருவேனே?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வடையையும் தின்றுவிட்டு ஆளைச் சந்தேகப்படுவதா என்று நான்தான் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

பெப்ரவரி, காலை ஆறரை. இரவு வேலை முடிந்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, ஜன்னலால் பார்த்தால் எங்கள் காரின் முன் சில்லு இரண்டும் நிலத்தில் இல்லை. இழுவை வண்டி. ஓடிப் போனேன், ஜக்கெற் போடாமல். வந்தவர் கத்தவில்லை, மரியாதையாக ஒரு தாளை நீட்டினார், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் நம்பரையும் தாளில் இருந்த நம்பரையும் விரலால் ஒவ்வொரு இலக்கமாகக் காட்டினார். பதினேழும் ஒன்றுக்கொன்று சரி. பின் இருக்கையில் பிள்ளையின் இருக்கை, டிக்கியில் முதல்நாள் வாங்கிய இருபது இறாத்தல் அரிசி. அவற்றை எடுக்க அவகாசம் கொடுத்தார். பெல்ட் உறைந்து இறுகியிருந்தது, அவரே குனிந்து கழற்றித் தந்தார். மூட்டையைப் பனிக்குள் வைத்துவிட்டு, அதன் மேல் குழந்தை இருக்கையை வைத்துவிட்டு நின்றேன்.

அண்ணையின் போன் பாவனையில் இல்லை. வீடு வாடகை வீடு, ஜனவரியிலேயே போய்விட்டாராம். பொலிசில் கேட்டால் இது சிவில் விவகாரம், நீதிமன்றத்துக்குப் போ என்றார்கள். ஆளையே காணவில்லை, யார்மேல் போவது? கடன் கொடுத்த இடத்தில் கதைத்துக் கதைத்து, மீதிக் கடன், இழுவைக் கூலி எல்லாம் சேர்த்து 6,800 கட்டிக் காரை மீட்டேன். கட்டாமல் விட்டிருந்தால் 11,500-உம் போய்க் காரும் போயிருக்கும்.

அதனால் விற்பவர் தரும் பொதியை வாங்கி வையுங்கள், ஆனால் வின் நம்பரை எழுதிக்கொண்டு போய் நீங்களே ஒரு யூவிஐபி எடுங்கள், யாரும் எடுக்கலாம், காசு கொடுக்கும் அன்றைக்கே எடுங்கள். அதில் வருவது ஒன்ராறியோக் கணக்கு மட்டும். கியூபெக்கிலோ அல்பேர்ட்டாவிலோ ஓடிய கார் என்றால் கார்ஃபாக்ஸ் கனடா என்ற கொம்பனியின் அறிக்கையை லீன் தேடலோடு எடுங்கள், விபத்துக் கதையும் அதில் வரும். லீன் இருக்கிறது என்பதற்காக நல்ல காரை விட வேண்டியதில்லை. விற்பவரோடு சேர்ந்து கடன் கொடுத்தவரிடம் போய் அந்தத் தொகையை நேரே அங்கே கட்டி, கடன் தீர்ந்ததற்குக் கடிதம் வாங்கி, மிச்சத்தை மட்டும் விற்பவர் கையில் கொடுங்கள். "நான் பிறகு கட்டிவிடுகிறேன்" என்பதை மட்டும் கேட்காதீர்கள், யார் சொன்னாலும்.

ஒரே ஆள் மாதம் மூன்று காரை "தங்கச்சியின் கார்", "மச்சானின் கார்" என்று விற்றால் அவர் அனுமதி இல்லாத வியாபாரி. பதிவு பெற்ற டீலர் என்றால் டீலர்களைக் கண்காணிக்கும் ஓம்விக் என்ற அமைப்பின் கீழ் வருவார்: விளம்பரத்தில் போட்ட விலையில் வரியையும் லைசென்ஸ் கட்டணத்தையும் தவிர வேறொன்றும் ஏற்ற முடியாது, 3,000 டொலருக்கு மேற்பட்ட விபத்துப் பழுதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கையெழுத்துப் போட்டபின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை இங்கே இல்லை. கடனுக்கு எடுத்தால் தவணைக் காசு இரண்டு கிழமைக்கு ஒருமுறை இவ்வளவுதான் என்று சின்னத் தொகையாகச் சொல்வார்கள், எத்தனை வருடம் என்று கேளுங்கள், ஏழு வருடமாக இருக்கும்.

பதிவு செய்ய ஆறு நாள் அவகாசம். நம்பர் பிளேட் காரோடு வராது, விற்பவர் கழற்றிக்கொண்டு போவார், பயப்பட வேண்டாம். ஊரில்போல விலையைக் குறைத்து எழுதி வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், வீண் வேலை. நீங்கள் எழுதிய விலை, பொதியில் உள்ள மதிப்பு இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் 13 வீதம்.

கொரோலா இப்போது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஓடிவிட்டது, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, அதுதான் இன்னும் கோபம். போன கிழமை மனைவியின் தம்பி போன் எடுத்தான், வந்து நாலு மாதம்தான், ஒரு சிவிக் பார்த்திருக்கிறானாம். வின் நம்பரை அனுப்பு என்றேன். "இல்லை அத்தான், நல்ல மனிசன், எங்கட பக்கத்து ஊர்" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. போனை வைத்துவிட்டு அவனுடைய கணக்குக்கு இருபது டொலர் அனுப்பினேன்.