வெள்ளி உறையும் சூடு வரை ஒரு பிளாட்டினம் வெப்பமானி

வெள்ளி 961.78 டிகிரி செல்சியஸில் உறைகிறது. அதுவரை நம்பி அளக்கக்கூடிய மின்தடை வெப்பமானியை, அதாவது பிளாட்டினக் கம்பியின் மின்தடை மாறுவதைக் கொண்டு சூட்டை அளக்கும் கருவியை, எப்படிச் செய்வது என்று பல ஆண்டுகள் இதையே செய்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அலுமினியம் உறையும் 660 டிகிரி வரை 25.5 ஓம் சுருள் நன்றாகவே ஓடும். அதற்கு மேலே போனால், சுருளைத் தாங்கும் குவார்ட்ஸே மெல்ல மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்துவிடும். சுருளின் மின்தடை குறைவாக இருந்தால் இந்தக் கசிவு கணக்கைக் கெடுக்காது. அதனால் நீரின் மும்மைப் புள்ளியில் (பனியும் நீரும் நீராவியும் சேர்ந்தே இருக்கும் 0.01 டிகிரியில்) 0.25 ஓம் வரும்படி, சுமார் 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள 99.999 சதவீதத் தூய பிளாட்டினக் கம்பியை எடுங்கள். குவார்ட்ஸ் தாங்கியில் தளர்வாகச் சுற்றுங்கள். சூட்டில் கம்பி நீள இடம் வேண்டும், இழுத்துக் கட்டினால் அளவு நிலைக்காது.

நான்கு கம்பி இணைப்பு கட்டாயம்: இரண்டு கம்பி மின்னோட்டத்துக்கு, இரண்டு மின்னழுத்தத்தை அளக்க. வெள்ளி உறையும் சூட்டில் ஒரு டிகிரிக்கு 0.0007 ஓம்தான் மாறும், இணைப்புக் கம்பியின் தடை அதில் கலக்கவே கூடாது. முதலில் 10 மில்லி ஆம்பியரில் அளந்து, அப்புறம் 14.14-இல் அளந்தால் கம்பிக்குள் உண்டாகும் சூடு இரட்டிப்பாகும். முதல் அளவின் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மின்னோட்டமே இல்லாத நிலையின் அளவு கிடைக்கும்.

சுருளை மூடியிருக்கும் குவார்ட்ஸ் உறையை வெறும் விரலால் தொடாதீர்கள். ஒருமுறை துடைக்காமல் உலையில் விட்டேன். வியர்வை உப்பு பட்ட இடமெல்லாம் வெளுத்துப் பூத்துவிட்டது, அந்த உறை அதோடு போயிற்று. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. இப்போது ஒவ்வொரு முறையும் தூய ஆல்கஹாலால் துடைத்த பிறகே உலைக்குள் விடுகிறேன். இந்தச் சூட்டில் உலோக ஆவி குவார்ட்ஸையே ஊடுருவி பிளாட்டினத்தைக் கெடுக்கும். ஆகவே உலையின் உலோகக் குழாய்க்கும் உறைக்கும் நடுவே மெல்லிய பிளாட்டினத் தகட்டைச் சுற்றுங்கள்.

குளிரவைப்பதில்தான் அதிகப் பொறுமை வேண்டும். சூடாக இருக்கும்போதே வெளியே இழுத்தால் பிளாட்டினப் படிகத்தில் அணு இல்லாத வெற்றிடங்கள் அப்படியே உறைந்து மின்தடை கூடிவிடும். மணிக்கு 100 டிகிரி வீதம் 500 வரை இறக்கிவிட்டு அப்புறம் எடுங்கள். நீரின் மும்மைப் புள்ளியில் அளவு ஏறியிருந்தால் மறுபடி சூடாக்கி மெதுவாக ஆறவிடுங்கள். பழைய இடத்துக்கே வந்தால் சரி. வரவில்லை என்றால் பெரும்பாலும் மாசு புகுந்திருக்கும்.

கடைசியாக, வெள்ளி உறையும் சூட்டில் வரும் மின்தடையை மும்மைப் புள்ளி மின்தடையால் வகுத்துப் பாருங்கள். 4.2844-க்குக் குறைந்தால் 1990-ஆம் ஆண்டுப் பன்னாட்டு வெப்ப அளவுகோலின்படி அந்தக் கருவியை இந்தச் சூட்டுக்குப் பயன்படுத்த முடியாது.