லயத்திலிருந்து கேம் துறைக்கு: முதல் கேமைச் செய்து முடிப்பது எப்படி?

"அண்ணா, கேம் கம்பனியில வேலைக்குப் போக என்ன கோர்ஸ் படிக்கணும்?" இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் (வரிசை வீடுகளில்) இருக்கும் தம்பி தங்கச்சிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். கோர்ஸ்கள் இருக்கின்றன, படித்தால் நல்லதுதான். ஆனால் வேலைக்கு எடுப்பவர் முதலில் தேடுவது நீங்கள் செய்து முடித்த ஒரு கேமை. அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, விளையாடிப் பார்க்க ஒரு லிங்க் இருக்க வேண்டும். அந்த லிங்க்கை உண்டாக்குவோம்.

படி 1: எந்த வேலை?

கோட் எழுதுவது, படம் வரைவது, அனிமேஷன், ஒலி, கேம் டிசைன், பிழை தேடும் டெஸ்டிங், மொழிபெயர்ப்பு என்று பல வாசல்கள் உண்டு. "எனக்கு ஐடியா மட்டும் நிறைய இருக்கு" என்பதற்கு மட்டும் யாரும் சம்பளம் தருவதில்லை. எது பிடிக்கும் என்று இப்போதே தெரியாவிட்டால் கவலை வேண்டாம். ஒரு கேமை முழுதாகச் செய்தால் கை தானாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

படி 2: கருவிகள்

கோடோட் (Godot) என்ற கேம் எஞ்சின், அதாவது கேம் செய்யும் மென்பொருள், போதும். இலவசம், திறந்த மூலம், விற்றாலும் பங்கு கேட்காது. டவுன்லோட் ஏறக்குறைய 100 எம்பிக்குள் முடியும், இன்ஸ்டால் கூடத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். ஆனால் அந்தச் சின்னத் திரையில் கோட் எழுதக் கண்ணுக்குப் பொறுமை வேண்டும். பழைய லெப்டொப் என்றால், புதிய புரொஜெக்ட் தொடங்கும்போது "கம்பாட்டிபிலிட்டி" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிரவுசரில் ஓடும் கேமுக்கும் அதுதான் வேண்டும்.

முப்பரிமாண உருவங்களுக்கு பிளெண்டர், படம் வரைய கிரிட்டா, ஒலி வெட்ட ஒடாசிட்டி. மூன்றும் இலவசம்.

இன்னொன்று. என் முதல் கேம் ஒரு பெரிய திறந்த உலகக் கதை. ஒன்றரை வருட வேலை, அத்தனையும் ஒரே லெப்டொப்பில். ஏப்ரல் மாதத்து இடி ஒன்று அதை முடித்துவைத்தது. ஆகவே பின்னேரம் இடி முழங்கினால் சார்ஜரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு நாள் வேலையையும் கிட்ஹப்பில் (கோட் கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் தளம்) ஏற்றிவிடுங்கள்.

படி 3: கொழுந்துக் கூடை

மேலிருந்து இலை விழும், கூடையில் பிடிக்க வேண்டும். கேம் இவ்வளவுதான். இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. திரையின் கீழே ஒரு சதுரம். அம்புக்குறி விசைக்கு இடம் வலமாக நகர வேண்டும். இதுதான் கூடை.
2. ஒரு டைமர். வினாடிக்கு ஒருமுறை மேலே ஏதோ ஓரிடத்தில் பச்சைச் சதுரம் தோன்றி விழட்டும்.
3. இரண்டும் தொட்டால் இலை மறைய வேண்டும், அரைக் கிலோ கூட வேண்டும்.
4. மூன்றில் ஒன்று முத்தின இலை. அது கூடையில் விழுந்தால் அரைக் கிலோ குறையும்.
5. 60 வினாடியில் 18 கிலோ சேர்ந்தால் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), இல்லாவிட்டால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்).

கணக்குப் பாருங்கள்: 60 இலையில் நல்லது சுமார் 40, தேவை 36. ரொம்பக் கஷ்டம்! டைமரை 0.8 வினாடி ஆக்கினால் இலை 75 ஆகிவிடும், மூச்சு விடலாம். இப்படி எண்ணை மாற்றி மாற்றி விளையாடிப் பார்ப்பதுதான் கேம் டிசைன். பெரிய கம்பனியிலும் இதைத்தான் செய்கிறார்கள், எண்கள்தான் அதிகம்.

இது எல்லாம் ஓடும்வரை படம் வரையவே கூடாது. சதுரத்தில் சுவாரசியம் இல்லாத கேம், அழகான படத்திலும் சுவாரசியமாக இருக்காது. ஒலிக்கு, தகரக் கூரையில் மழை பெய்யும்போது போனில் பதிவு செய்யுங்கள். நம்மூரில் அதற்கா பஞ்சம்?

படி 4: தமிழ் எழுத்து

கோடோட் 4 தமிழைச் சரியாகக் காட்டும். பழைய 3இல் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். ஆனால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு எழுத்துருவைக் கேமுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கொம்பியூட்டரில் நன்றாகத் தெரிந்த தமிழ், பிரவுசரில் வெறும் கட்டங்களாக வரும்.

படி 5: யாரிடமாவது கொடுங்கள்

கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். நான், கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு தரம் விளையாடிவிட்டு, "கழிவு எங்கடா? தராசுல இரண்டு கிலோ வெட்டுவாங்களே" என்றார். அன்றிரவே கழிவைச் சேர்த்தேன். அதற்குப் பிறகுதான் எல்லோரும் "இன்னொரு தரம்" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

படி 6: வெளியிடுங்கள்

கேமை பிரவுசரில் ஓடும் வடிவத்துக்கு மாற்ற (வெப் எக்ஸ்போர்ட்) டெம்ப்ளேட் என்று தனியாக ஒன்று இறக்க வேண்டும். ஒரு ஜிபி அளவு வரும். இரவு நேர டேட்டாவுக்கு வைத்துவிடுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும் கோப்பின் பெயர் "index.html" என்று இருக்கட்டும், எல்லாவற்றையும் ஸிப் செய்து இட்ச் (itch.io) என்ற கேம் தளத்தில் ஏற்றுங்கள். பெயர் வேறாக இருந்தால் பக்கம் திறக்காது. பலர் தடுக்கி விழும் இடம் இது. இட்சில் ஏற்றக் கட்டணம் இல்லை. கொம்பியூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டொலர், கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டொலர். அதெல்லாம் பிறகு.

படி 7: ஜாம், அப்புறம் விண்ணப்பம்

கேம் ஜாம் என்றால் குறித்த நேரத்துக்குள் கேம் செய்யும் போட்டி. லூடம் டேர் என்ற ஜாம் 2002இல் தொடங்கியது. தனியாகச் செய்தால் 48 மணி நேரம், குழுவாக என்றால் 72. மற்ற நாட்டுக்காரரோடு சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் இங்கேதான் வரும்.

மூன்று சின்னக் கேம்கள் ஆனதும் ஒரே பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிட வீடியோவும், குழு வேலை என்றால் அதில் உங்கள் பங்கு எது என்ற ஒரு வரியும் போதும். டெஸ்டிங் வேலைக்கு என்றால் ஒரு பிழை அறிக்கையும் சேர்த்துவிடுங்கள்: என்ன செய்தேன், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது. எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள், எல்லாக் கம்பனிக்கும் அதுதான் பாலம்.

2023, 2024இல் உலகெங்கும் இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அனுபவசாலிகளும் வேலை தேடுகிறார்கள், பதில் வரத் தாமதமாகும். அதுவரை கையில் இருக்கும் வேலையையோ படிப்பையோ விடாதீர்கள். வேலை தருகிறேன், முதலில் பணம் கட்டு என்று யாராவது சொன்னால் அந்த மெசேஜை அழித்துவிடுங்கள்.