சாவி வாங்குமுன் வீட்டைச் சுற்றி ஒரு நடை

நான் மேடவாக்கத்தில் வீடு வாங்கியபோது, வாசல் சுவரில் பெயிண்ட் திட்டுத்திட்டாக இருக்கிறது என்று இரண்டு வாரம் கட்டுநரோடு மல்லுக்கட்டினேன். ஜன்னல் சன்ஷேட் சுவரை நோக்கிச் சரிந்திருந்ததைக் கவனிக்கவே இல்லை. நவம்பரில் படுக்கையறைச் சுவர் ஊறிய பிறகுதான் புத்தி வந்தது. அசிங்கமான குறை வேறு, தண்ணீரை உள்ளே விடும் குறை வேறு. சென்னையில் இரண்டாவதைத்தான் முதலில் தேட வேண்டும்.

ரசமட்டம், நூல் கட்டிய தூக்குக்குண்டு, ஒரு வாளித் தண்ணீர், பென்சில், பழைய ஏடிஎம் கார்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுவரையும், வெளிச்சம் அதை உரசியபடி சாய்வாக விழும் நேரத்தில் பாருங்கள். பூச்சின் மேடுபள்ளம் நிழலாக எழுந்து நிற்கும்.

முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்து கண்ணுக்குப் படாத சிறு அலைகளுக்காகச் சண்டை போடுவது வீண். சுவரின் மூலையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது விரிசல். சிலந்தி வலைபோல மேலாகப் படர்ந்த மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் பூச்சு சீக்கிரம் காய்ந்ததால் வருபவை; நீராற்றாமல் விட்ட மேஸ்திரியின் கைவண்ணம். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக ஓடும் விரிசல் வேறு சங்கதி. வெயிலில் கான்கிரீட்டும் செங்கலும் ஒரே அளவில் விரிவதில்லை. அந்த இணைப்பில் சிக்கன் மெஷ் (மெல்லிய கம்பிவலை) அடிக்காமல் பூசினால் பிளக்கும், மழைநீரும் அதன் வழியே நுழையும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசலில் கார்டின் விளிம்பு நுழைந்தால் கட்டடப் பொறியாளரை அழைத்துவிடுங்கள். இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் அது வளர்கிறது.

விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடங்கள். ‘டொக் டொக்’ என்று பொள்ளலாக ஒலித்தால் பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை.

இப்போது வாளித் தண்ணீர். சன்ஷேடில் ஊற்றுங்கள்; வெளிப்பக்கம் ஓட வேண்டும். அதன் அடியில், விளிம்பை ஒட்டி, விரலகல நீளப்பள்ளம் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் நீர் அடிப்பரப்பைப் பற்றிக்கொண்டே ஜன்னலுக்கு வந்துவிடும். மொட்டைமாடியிலும் ஊற்றி, வடிகுழாய் வாய்க்குப் போகிறதா, தட்டோடுகளின் நடுவே தேங்குகிறதா என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரின் தலை மாடிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். தெருப்பக்கம் சாய்ந்தால் வெளிச்சுவர் முழுவதும் கறுப்புக் கோடுகள் இறங்கும். பெசன்ட் நகர், ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) போன்ற கடலோரப் பக்கம் என்றால் ஜன்னல் கம்பிகளின் பற்றவைப்பு முனைகளைத் தடவிப் பாருங்கள். உப்புக்காற்று அங்கேதான் துருவைத் தொடங்கும்.

குறைகளைப் படமெடுத்து எழுத்தில் அனுப்புங்கள். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு பெற்ற திட்டமானால், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சொல்லும் வேலைத்தரக் குறையை 30 நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்வது கட்டுநரின் பொறுப்பு. சொந்த மனையில் மேஸ்திரி கட்டியதென்றால், கடைசித் தவணைப் பணம்தான் உங்கள் பிடி.

முதல் பெருமழையன்று குடையோடு இன்னொரு சுற்று வாருங்கள், மழை பெய்துகொண்டிருக்கும்போதே. விட்டபின் போனால் பாதித் தடயம் காய்ந்திருக்கும்.